அவர் கன்னடத்தில் சொன்ன என் வலி

1

போன மாதம் ஒரு காது குத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். பந்தலுக்குப் பின்னால் வெங்காயமும் பூண்டும் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், என் வயதுப் பெண்கள் ஐந்து பேர். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு வீட்டுக்காரர்களிடம் வந்து நின்றது. "அந்தக் கடைய மூடி அஞ்சு வருசமாச்சி" என்றாள் ஒருத்தி. "எனக்குச் சாவியே தொலைஞ்சி போச்சிடி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வெங்காயக் காரம் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையில் இருந்தது பூண்டு.

நம் மகளிர் குழு இதழுக்கு வருஷா வருஷம் வெளியூர்க் கடிதம் எழுதச் சொல்கிறீர்கள். நானும் இங்கத்திக் குளிரைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி, கன்னடப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த முறை அந்தப் பூண்டு உரித்தவளுக்காக எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். ஆண்கள் படித்தால் படிக்கட்டும், நல்லதுதான்.

பெங்களூரு என்று பெருமைக்குச் சொல்கிறேனே தவிர, நான் இருப்பது அத்திபெலே. ஓசூரைத் தாண்டி எல்லை கேட்டைக் கடந்தால் முதல் ஊர். "வெளிநாடு போனவ மாதிரி எழுதற, டவுன் பஸ்ல போற தூரம்" என்று என் தங்கை கேலி செய்வாள். தூரம் குறைவுதான். ஆனால் அந்த கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் ரேஷன் கார்டு மாறியது, பஸ் போர்டில் எழுத்து மாறியது, என் பெண்ணின் வாயில் மொழி மாறியது. நான் இங்கே தமிழில் எழுதுவதை அவளால் படிக்க முடியாது. இந்தக் கடிதத்துக்கு அது வசதிதான்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஏழாவது வரை படித்தேன். ஆம்பூரில் ஷூ தைத்தேன். மாலூரில் செங்கல் சூளையில் இருந்தேன். குடகில் காப்பிக் கொட்டை பறித்தேன். மைசூர்ப் பக்கம் வெந்நீரில் கையை விட்டுப் பட்டுக்கூட்டில் நூல் எடுத்தேன், விரல் நுனித் தோல் இன்னும் சரியாகவில்லை. அத்திபெலேக்கு முன்னால் எந்த ஊரிலும் இரண்டு மழைக்கு மேல் நின்றதில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அந்த ஊரின் சுவர் பிடிக்காமல் போய்விடும். தகரப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

மாலூர்ச் சூளையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் முனிரத்தினம். நாட்றம்பள்ளிக்காரர். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு நான் பெட்டியைத் துடைத்த ஒவ்வொரு முறையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் சட்டை இரண்டையும் மடித்து அதே பெட்டியில் வைத்துவிட்டுக் கூட வந்தார். நல்லவர்தான். ஆனால் பேச்சு கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் நான்கு, "சோறு", "தண்ணி", "போறேன்", "வந்துட்டேன்".

தமிழில்தான் இப்படி. கன்னடத்தில் அவர் வேறு ஆள். காவிரிக் கலவரம் நடந்த வருஷம் தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு போய் ஆனேக்கல் பக்கம் மாட்டிக்கொண்டார். ஒரு கன்னடக் குடும்பம் இரண்டு நாள் அவரை மாட்டுக் கொட்டகையில் வைத்துச் சோறு போட்டது. அங்கிருந்து வந்தவர் இனி யாரும் தன் வாயைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். இரண்டு வருஷத்தில் கன்னடம் அப்படி வந்தது. இப்போது உள்ளூர்க்காரர்களே அவரைப் பார்த்து எந்த ஹள்ளி, அதாவது எந்தக் கிராமம், என்று கேட்கிறார்கள். கன்னடத்தில் ஜோக் அடிப்பார், கதை சொல்வார், சண்டை போடுவார். கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன். உள்ளே வந்ததும், "சோறு".

3

அத்திபெலேக்கு நாங்கள் வந்தது ரோஜாப் பண்ணைக்காக. பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள், ஏக்கர் கணக்கில். பூவெல்லாம் விமானத்தில் வெளிநாட்டுக்குப் போகும். நான் கிரேடிங் ஹாலில் வேலை. தண்டின் நீளத்தை அளந்து பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். பிப்ரவரி காதலர் தினத்துக்கு முன்னால் மூன்று வாரம் மூத்திரம் போகக்கூட நேரம் இருக்காது. யாரோ யாருக்கோ கொடுக்கப்போகும் பூவுக்கு நாங்கள் முள் எடுத்துக்கொண்டிருப்போம்.

அங்கே ரோஜாவுக்கு வரும் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தைப் புகைப்பார்கள். வெளியே வந்தால் பார்த்தீனியச் செடி. எனக்கு இரண்டும் சேர்ந்து தும்மல் பிடித்துக்கொண்டது. தும்முகிறவர்களை கிரேடிங் மேஜையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். களை பிடுங்கக் கொட்டகைக்குள் அனுப்பிவிடுவார்கள், சூடு தாங்காது. அதனால் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் சின்ன மஞ்சள் மாத்திரையை எல்லாரும் காலையில் வெற்றிலை போடுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வோம். சூப்பர்வைசரே டப்பாவை நீட்டுவார். நான் நான்கு வருஷம் ஒரு நாள் விடாமல் போட்டேன். மூக்கு காய்ந்தது, தும்மல் நின்றது, மேஜை தங்கியது.

அவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டும் வேலை, ராத்திரி ஷிப்ட். எனக்குப் பகல். வாரத்தில் எனக்கு லீவு செவ்வாய்க்கிழமை. பெண் பள்ளிக்கூடம் போயிருப்பாள். எங்களுக்கு என்று இருந்தது அந்தச் செவ்வாய் மதியம்தான். அதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. பேசத் தெரியாத மனிதருக்கு அது ஒரு பேச்சு. எனக்கும்தான்.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை வலிக்க ஆரம்பித்தது. முதலில் எரிச்சல். பிறகு மணலை வைத்துத் தேய்க்கிற மாதிரி. ஒரு முறை துணியில் ஒரு சொட்டு ரத்தம். சும்மா இருக்கும்போதும் கீழே காய்ந்து இழுக்கும், நடக்கும்போது உரசும், மூத்திரம் போனால் சுரீர் என்னும். உடம்புச் சூடு என்று நினைத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், மோராகக் குடித்தேன். பிறகு இது பண்ணை மருந்தின் வேலையோ என்று பயம் வந்தது. கொட்டகைக்குள் நுழையும் முன் கை கால் கழுவ ஒரு ரோஸ் நிறக் கிருமிநாசினி வைத்திருப்பார்கள். அதை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வந்து அங்கேயும் விட்டுத் தேய்த்துக் கழுவினேன், காலையும் மாலையும். அதற்குப் பிறகு வந்த எரிச்சலைச் சொல்ல வேண்டாம்.

அவரிடம் சொல்லவில்லை. எந்தச் சொல்லால் சொல்வது? அந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் தெருச் சண்டையில் கேட்டவை. "தலவலி" என்றேன். அடுத்த வாரம் "துணி தொவைக்கணும்" என்றேன். அதற்கடுத்த வாரம் ஓவர்டைம் கேட்டு செவ்வாய்க்கிழமையும் பண்ணைக்குப் போனேன். நான்கைந்து மாதத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காலை ஏழுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் ஒன்பதுக்கு வர ஆரம்பித்தார்.

4

எங்கே போகிறார் என்று சொன்னது என் பெண். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஜயம்மா ஆன்ட்டி மெஸ்ல இருக்காரு. நானும் போவேனே. ஆன்ட்டி எனக்கு முத்தெ உருட்டக் கத்துக் குடுத்தாங்க." முத்தெ என்றால் நம் ராகிக் களி உருண்டை. நான் கிண்டிய களியை ஒரு நாளும் தொடாத பெண் அவள்.

பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட இடம். டிரைவர்கள் ஷிப்ட் முடிந்து சாப்பிடுவார்கள். நடத்துகிறவள் ஜயம்மா, கன்னடக்காரி. என்னைவிட ஐந்து வயதாவது பெரியவள். பார்த்தால் தெரியாது. கொண்டையில் பூ, சிரித்தால் முகமே பளபளக்கும். புருஷன் அவளோடு இல்லை என்று சொன்னார்கள். இது போதாதா எனக்கு.

பொறாமை என்பதை நான் அதுவரை மற்றவர்களிடம்தான் பார்த்திருந்தேன். ஊர் ஊராகப் போகிறவளுக்கு அது வேர் விடாது என்று நினைத்திருந்தேன். வந்தபோது தண்டு அளக்கும் மேஜையிலேயே வந்தது. அறுபது சென்டிமீட்டர் தண்டை நாற்பதில் போட்டேன், திட்டு வாங்கினேன். அவள் கழுத்து எப்படிச் சுருங்காமல் இருக்கிறது என்று யோசிப்பேன். அவளுக்கு அங்கே காய்ந்திருக்காது என்று யோசிப்பேன். அசிங்கமாக இருக்கிறதா? அப்படித்தான் யோசித்தேன். வீட்டில் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தேன். பூண்டுச் சாறு வாசனைதான் வந்தது, அதற்கும் எரிந்தது. என் பெண் "ஆன்ட்டி சொன்னாங்க" என்று தொடங்கினால் தட்டை வேகமாக வைப்பேன். அவள் சொல்வதும் கன்னடத்தில்தான். அப்பாவும் பெண்ணும் கன்னடத்தில் சிரிப்பார்கள். நான் வந்தால் சிரிப்பு தமிழாகிவிடும், அதாவது நின்றுவிடும்.

எனக்குக் கன்னடம் தெரியாது என்று அந்த வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். பேச வராது. ஆனால் காது எப்போதோ பழகிவிட்டது. அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் ஒருவர் பண்ணைக்கு வந்தபோது, பிப்ரவரி சீசன் முடிந்ததும் வருகிறேன் என்று பெயர் கொடுத்தேன். ஒரு பெயர்தான் கொடுத்தேன், என்னுடையது மட்டும். அன்றைக்கே பெட்டியைத் துடைத்துவைத்தேன். அவர் பார்த்தார். தன் சட்டையைக் கொண்டுவந்து வைப்பாரா என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வைக்கவில்லை. முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

5

போவதற்கு முன்னால் ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மெஸ்ஸின் பின்பக்கமாகப் போனேன். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டி. கூட்டம் போய்விட்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குரல்.

பேசிக்கொண்டே இருந்தார். என்னிடம் ஒரு மாதம் பேசுகிற அளவு அந்த ஐந்து நிமிஷத்தில் பேசினார். முதலில் பஸ் கதை, டீசல் கதை. பிறகு குரல் தாழ்ந்தது. ஜயம்மா "ஹேளப்பா" என்றாள். சொல்லப்பா என்று அர்த்தம். அவர் சொன்னார்:

"முட்டிதரெ நோவாகுத்தெ, அவளிகெ."

தொட்டால் அவளுக்கு வலிக்கிறது. எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் மேலே சொன்னார். அவள் வலி என்று சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். தலைவலி என்கிறாள். பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள், அவள் ஒரு இடத்தில் நிற்கிறவள் இல்லை, இந்த முறை என்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டாள். சட்டையைக் கொண்டுபோய் வைத்தால் எடுத்து வெளியே போட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

இதைக் கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் மனசு இளகும் என்பீர்கள். எனக்கு இளகவில்லை. அவர் அவளோடு படுத்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது. எனக்குச் சேர வேண்டிய பேச்சு. இருபது வருஷமாக என்னிடம் ஒரு வாய் பேசாத மனிதர், என் உடம்பை எடுத்துக்கொண்டு வந்து இவள் முன்னால் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறார். தட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"நல்லா சொல்லு. இன்னும் யாரு பாக்கி? பங்க்ல டீசல் போடறவங்கிட்டயும் போயி சொல்லு."

அவர் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது மூன்று வார்த்தை.

ஜயம்மா அவரைக் கன்னடத்தில் அனுப்பிவைத்தாள். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். அங்கே பாதிப் பேர் நம்மவர்கள்.

"ஒக்காரு தங்கச்சி. என்னெ அடிக்கணும்னா சாப்டுட்டு அடி. வெறும் வயித்துல கை ஓங்காது."

நான் உட்காரவில்லை. அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள். நாள் நின்று போன பிறகு தனக்கும் இப்படித்தான் இருந்ததாம். தினமும் அத்தனை பெண்களின் உடம்பைப் பார்த்தவள், தன் உடம்புக்கு வந்தபோது ஒரு டாக்டரிடமும் சொல்லவில்லையாம். புருஷனிடம் பாயைத் தனியாகப் போடச் சொன்னாளாம். அவர் பாயை எடுத்துக்கொண்டு வேறொருத்தி வீட்டுக்கே போய்விட்டாராம்.

"உன் ஆளு பாயெ எங்கயும் எடுத்துட்டுப் போகல. இங்க வந்து அழுறாரு. அதுக்கு நீ சண்டெ போடற."

"அழுவறதுக்கு வீட்ல எடம் இல்லயா?"

"நீ குடுத்தியா?"

அதைக் கேட்டதும் இன்னும் கோபம் வந்தது. வியாழக்கிழமை சந்தாபுராவில் ஒரு லேடி டாக்டர் வருவார், கூட வா என்றாள். அவளை நம்பிப் போகவில்லை. அவள் சொல்வது எல்லாம் பொய் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

6

கிளினிக்கில் சீட்டு எழுதுகிற பெண் ரேஷன் கார்டைக் கேட்டாள். கார்டின்படி அன்றைக்கு என் வயது முப்பத்தெட்டு. கார்டு போட்ட நாளில் ஆபீஸ் குமாஸ்தா வயது கேட்டார், எனக்குப் புரியவில்லை, அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டார். உண்மையில் கிளினிக் போன அன்றைக்கு எனக்கு நாற்பத்தேழு இருக்கும். மாற்றப் போனால் பிறந்த சான்றிதழ் கேட்டார்கள். பிறந்த ஊரில் கேட்டால், கார்டு இருக்கும் மாநிலத்தில் கேள் என்றார்கள். விட்டுவிட்டேன்.

டாக்டர் இளம் பெண். தமிழ் தெரியாது. சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முப்பத்தெட்டில் மாதவிலக்கு நிற்பது சீக்கிரம், அதற்கு வேறு பரிசோதனைகள் வேண்டும் என்று ஏதேதோ எழுத ஆரம்பித்தார். ஜயம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டின் கதையைச் சொன்னாள். டாக்டர் எழுதியதை அடித்தார். வயது தப்பாக இருந்தால் வைத்தியமே தப்பாகிவிடும் என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

பிறகு என்ன தொந்தரவு என்று கேட்டார். ஜயம்மா எனக்காகச் சொன்னாள். ஒணகிதெ, காய்ந்திருக்கிறது. நோவாகுத்தெ, வலிக்கிறது. அவர் தட்டிக்கு அந்தப் பக்கம் சொன்ன அதே சொல், இப்போது இவள் வாயில். என் வலியை இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொந்தமானதை நான் இன்னும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அது பொறுக்கவில்லை.

"நீ இரு. நான் சொல்றேன்" என்றேன். பாதிக் கன்னடம், பாதித் தமிழ், மீதிக்குக் கை. எரிகிறது, உரசுகிறது, மூத்திரம் போனால் சுரீர் என்கிறது, ஒரு முறை ரத்தம் பட்டது. எல்லாம் சொன்னேன். ஜயம்மா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். "உனக்குக் கன்னட பருத்தா?" என்றாள். வரும் என்றேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பில் ஒரு சுரப்பு குறைகிறது. பெண்ணுறுப்பின் உள்தோலைக் கெட்டியாகவும் ஈரமாகவும் வைத்திருந்தது அதுதான். அது குறைந்தால் தோல் மெலிகிறது, காய்கிறது, தொட்டால் கீறுகிறது. இது சூடு இல்லை. புருஷன் மேல் ஆசை போய்விட்டது என்றும் அர்த்தம் இல்லை. வெள்ளெழுத்து வந்தால் கண்ணாடி போடுகிற மாதிரி இதற்கும் வழி இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிறவர்களுக்கும், கர்ப்பப்பையோடு முட்டைப்பையையும் எடுத்தவர்களுக்கும் வரலாம். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும் காட்டாமல் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உள்ளே பார்த்தார், பஞ்சில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், சர்க்கரையும் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றார். ஒன்றும் இல்லை என்றேன். தும்மல் மாத்திரையை நாங்கள் யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டே எழுந்தவளை டாக்டர் மறுபடி உட்காரச் சொல்லிக் கேட்டார். அப்போதுதான் மஞ்சள் மாத்திரை வெளியே வந்தது. நான்கு வருஷமாக, தினமும். அது மூக்கை மட்டுமா காயவைக்கும், வாய், கண், அங்கே, எல்லாவற்றையும் காயவைக்கும் என்றார். இருந்த குறையை அது பெரிதாக்கியிருக்கிறது. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரோஸ் நிறத் தண்ணீரைச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பண்ணையில் கால் கழுவுகிற மருந்தை அங்கே விட்டால் தோல் என்ன ஆகும்? உள்ளே எதையும் விட்டுக் கழுவாதே, வெளியே வெறும் தண்ணீர் போதும் என்றார்.

இரண்டு டியூப் கொடுத்தார். ஒன்று மருந்துக் களிம்பு. இரண்டு வாரம் தினமும் படுக்கும் முன் உள்ளே வைக்க வேண்டும், அப்புறம் வாரம் இரண்டு முறை. மார்பில் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. இன்னொன்று வழவழப்பு ஜெல்லி, மருந்து இல்லை, அந்த நேரத்துக்கு மட்டும். நான் இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். அவசரம் வேண்டாம், வலித்தால் நிறுத்து, வலிக்கிறது என்று சொல் என்றார்.

யாரிடம் சொல்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

7

பத்து வாரம் போனது. நடக்கும்போது உரசுவது நின்றது. மூத்திர எரிச்சல் நின்றது. சீசன் முடிந்தது. திருப்பூர் ஏஜெண்ட் ஆள் அனுப்பினார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உடம்பு சரியானதும் மனசும் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஜயம்மா எனக்கு நல்லதுதான் செய்தாள். நான் மனசாரச் சொல்கிறேன், அவள் இல்லாவிட்டால் இன்னும் ரோஸ் தண்ணீர்தான். அதற்காக எனக்கு எரியாமல் இருக்குமா? அவர் காலையில் மெஸ்ஸுக்குப் போனார். வீட்டில் "சோறு" என்றார். செவ்வாய்க்கிழமை நான் வீட்டில் இருந்தேன். அவர் தன் பாயைச் சுவர் ஓரமாகப் போட்டுத் தூங்கினார். எனக்குச் சரியாகிவிட்டது என்று அவருக்கு ஜயம்மா சொல்லியிருப்பாள் என்று நினைத்தாலே கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன்.

ஒரு நாள் மெஸ்ஸுக்குப் போய் அவளையே கேட்டேன். "சொன்னியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரில பன்னெண்டு வருசம் இருந்தேன் தங்கச்சி. ஒருத்தி ஒடம்பு நல்லாச்சுன்னு அவதான் சொல்லணும்."

"அவரு மொத மொத உங்கிட்ட என்னா சொன்னாரு? எப்பிடி ஆரம்பிச்சாரு?"

"அதெ அவருகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு அவள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டேன். அவர் பாயில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"அன்னிக்கி அந்த அம்மாகிட்ட சொன்னியே. அத எங்கிட்ட சொல்லு."

அவர் தலையைத் தூக்கவில்லை. மெல்ல, கன்னடத்தில் தொடங்கினார். முட்டிதரெ என்றார். அந்த மொழியில் அவருக்குக் கூச்சம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் சொற்களால் யாரும் அவரைத் திட்டியதில்லை, அவரும் யாரையும் திட்டியதில்லை. பிற்பாடு கற்றுக்கொண்டவை, சுத்தமாக இருந்தன. அவளிடம் சொல்ல முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கும்தான் டாக்டரிடம் அப்படி வந்தது. புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"எனக்குக் கன்னடம் வேணாம். தமிழ்ல சொல்லு."

"தமிழ்ல வரலடி."

"வரும். நான் இருக்கேன்."

அவர் நகவெட்டியை மூடினார். திறந்தார். மூடினார். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். களிம்பைக் காட்டினேன், ஜெல்லியைக் காட்டினேன், எது எதற்கு என்று சொன்னேன். என் தமிழும் தடுமாறியது. "அங்க" என்றேன், "கீழ" என்றேன், கடைசியில் அது போதும் என்று தெரிந்தது. அவர் டியூபை வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை நான் பார்க்காத ஒரு முகம்.

அப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நடுவில் அவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. "இல்ல, மெதுவா" என்றேன்.

இன்றைக்கும் அவர் மெஸ்ஸுக்குப் போகிறார், ஆயிரம் வார்த்தை பேசுகிறார். எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் தமிழில் என்னிடம்தான் கேட்டார். ஜயம்மாவிடம் அது கிடையாது. அந்தச் செவ்வாய்க்கு மறுநாளே திருப்பூர் ஏஜெண்டிடம் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.